அவங்களுக்குத் தெரிஞ்சிருந்தது, நமக்குத் தெரியல: வேதத்தோட காலத்து பழைய ஏடுகள் பத்தி

லூக்கா 19-ல பத்து ராத்தல் உவமை இருக்குல்ல, அதுல ஒரு வசனம் எனக்கு பல வருஷமா புரிஞ்சதே இல்ல. ஒரு பிரபு ராஜ்யத்தைப் பெற்றுக்கொண்டு திரும்பி வர தூரதேசத்துக்குக் கிளம்புறான், வேலைக்காரங்க கையில பணத்தைக் குடுத்துட்டுப் போறான், அது வரைக்கும் சரி. நடுவுல திடீர்னு, அவனோட ஊரார் அவனைப் பகைச்சு "இவன் எங்கள்மேல் ராஜாவாயிருக்கிறது எங்களுக்கு மனதில்லை"ன்னு சொல்லச் சொல்லி அவன் பின்னாடியே ஸ்தானாபதிகளை அனுப்பினாங்கன்னு வரும். ராஜ்யம் இங்க இருக்கு, அதை வாங்க எதுக்கு தூரதேசம் போகணும்? வேண்டாம்னு சொல்றவங்க எதுக்கு அவன் பின்னாடியே போகணும், யார்கிட்ட சொல்லப் போறாங்க? பிரசங்கங்கள்ல எல்லாரும் ராத்தலைப் பத்திப் பேசுவாங்க, உண்மையுள்ள ஊழியக்காரனைப் பத்திப் பேசுவாங்க, இந்த வசனத்தை மட்டும் தாண்டிப் போயிடுவாங்க, நானும் தாண்டிட்டேன்.

அப்புறம் ஜோசிபஸ் படிச்சேன். கி.பி. 37-ல பிறந்த யூதர், ரோமுக்கு எதிரான போர்ல கலிலேயாவுல தளபதியா இருந்து பிடிபட்டு, பிறகு ரோம்ல உக்காந்து தன் ஜனத்தோட சரித்திரத்தை எழுதினவர். அவர் சொல்றது இது. கி.மு. 4-ல மகா ஏரோது செத்ததும் அவன் மகன் அர்கெலாயு (மத்தேயு 2:22-ல யோசேப்பு பயந்தாரே, அதே ஆளு) பட்டத்தை உறுதி பண்ணிக்க ரோமுக்குக் கப்பல் ஏறுறான், ஏன்னா ராஜாங்கிற பேரைக் குடுக்கிற அதிகாரம் அகுஸ்து ராயன் கையில தான் இருந்தது. கிளம்புறதுக்கு முன்னாடி பஸ்கா சமயத்துல தேவாலயத்துல கலவரம், சுமார் 3,000 பேரைக் கொன்னுட்டுத் தான் போறான். ஜனங்க சும்மா இருப்பாங்களா, 50 பேர் கொண்ட தூதுக்குழுவை பின்னாடியே ரோமுக்கு அனுப்புறாங்க, அங்க இருந்த யூதர் 8,000 பேருக்கு மேல அவங்களோட சேர்ந்து நிக்கிறாங்க, இவன் எங்களுக்கு ராஜாவா வேண்டாம்னு. கடைசியில ராயன் அவனுக்கு ராஜா பட்டம் குடுக்கல, யூதேயா சமாரியா இதுமேயாவுக்கு மட்டும் அதிபதியா வச்சான், கி.பி. 6-ல அதுவும் போய் கால்ங்கிற தேசத்துக்கு (இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாடு கடத்திட்டாங்க.

இதைப் படிச்சுட்டு மறுபடி லூக்கா 19 வாசிச்சா, அந்த உவமை எங்க வச்சு சொல்லப்பட்டதுன்னு பாருங்க, எரிகோ பக்கத்துல, சகேயு வீட்டு சம்பவம் முடிஞ்ச கையோட. எரிகோவுல எரிஞ்சு போன அரமனையை பிரமாதமா திரும்பக் கட்டினது யாருன்னா அர்கெலாயு தான், அதையும் ஜோசிபஸ் எழுதியிருக்கார். அந்தக் கூட்டத்துல நின்னவங்கள்ல வயசானவங்களுக்கு அந்தப் பேரைச் சொல்லவே வேண்டியதில்ல. கதை ஆரம்பிச்ச உடனே அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நமக்குத் தெரியல, அவ்வளவு தான் வித்தியாசம். எனக்கு இந்தப் பழைய ஏடுகள் மேல ஆசை வந்தது அன்னைக்குத் தான், இன்னும் விடல.

"வேதத்துக்கு வெளிய எதையும் படிக்காதே, குழம்பிடுவே"ன்னு எனக்கு சின்ன வயசுலயே சொல்லிக் குடுத்திருக்காங்க, நல்ல மனசோட தான் சொன்னாங்க. ஆனா வேதமே வெளிய கை காட்டுது. எண்ணாகமம் 21-ல கர்த்தருடைய யுத்த புஸ்தகம்னு ஒண்ணு வருது, யோசுவா 10-ல யாசேரின் புஸ்தகம் வருது, ரெண்டுமே இன்னைக்கு நம்ம கையில இல்ல. யூதா நிருபம் 14, 15 வசனம் ஏனோக்கு புஸ்தகத்தோட முதல் அதிகாரத்துல இருக்கிற வார்த்தைங்க தான். பவுல் அத்தேனே பட்டணத்துல "நாம் அவருடைய சந்ததியார்"னு கிரேக்கப் புலவர் வரியைச் சொல்றார், அது அராட்டஸ்ங்கிறவர் நட்சத்திரங்களைப் பத்திப் பாடின கவிதையில இருக்கு. கொரிந்தியருக்கு எழுதும்போது ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்னு சொல்றது மெனாண்டர்ங்கிற நாடக ஆசிரியரோட வரி. பவுலுக்கு பயமில்ல, நமக்கு எதுக்கு.

ஆனா பயம் எனக்கும் வந்தது, அதையும் சொல்லிடறேன். ஜலப்பிரளயக் கதையில. 1872 டிசம்பர் 3-ம் தேதி லண்டன்ல ஜார்ஜ் ஸ்மித்ங்கிறவர் ஒரு கூட்டத்துல களிமண் பலகை ஒண்ணை வாசிச்சுக் காட்டினார், பிரதமர் கிளாட்ஸ்டனே அந்தக் கூட்டத்துல இருந்தார். ஸ்மித் பெரிய படிப்பு படிச்சவர் இல்ல, பண நோட்டுக்கு அச்சு செதுக்கிற வேலை கத்துக்கிட்டவர், ஆப்பெழுத்தை (களிமண்ல ஆப்பு வடிவத்துல பதிக்கிற பழைய எழுத்து) தானா உக்காந்து படிச்சுக்கிட்டவர். நினிவேல அசூர்பனிபால் ராஜாவோட நூலகத்துல கிடைச்ச பலகைங்கள்ல இருந்து அவர் வாசிச்சது பாபிலோனியரோட பழைய கில்காமேஷ் காவியத்தோட 11-வது பலகை. அதுல ஒருத்தர் கப்பல் கட்டுறார், மிருகங்களை ஏத்துறார், கப்பல் மலையில தட்டி நிக்குது, புறா விடுறார், தகைவிலான் குருவி விடுறார், காகம் விடுறார், இறங்கி பலி செலுத்துறார், தேவர்கள் சுகந்த வாசனையை முகர்றாங்க. முதல் தடவை இதைப் படிச்சப்போ எனக்கு வயித்துல ஏதோ கரைஞ்ச மாதிரி இருந்தது. ஆதியாகமம் 8 அப்படியே இருக்கே, அப்ப நோவா கதை காப்பியா? ரெண்டு மாசம் இதை யார்கிட்டயும் பேசல.

அதுல இருந்து என்னை வெளிய கொண்டு வந்தது எந்த பதில் புஸ்தகமும் இல்ல, இன்னொரு பழைய ஏடு தான், பாபிலோனியரோட அத்ராஹசிஸ். கி.மு. 17-ம் நூற்றாண்டுல எழுதின பிரதி கிடைச்சிருக்கு, மூணு பலகை. மூணையும் முழுசா படிக்கணும். கீழ்மட்ட தேவர்கள் வாய்க்கால் வெட்டி வெட்டி அலுத்துப்போய் வேலை நிறுத்தம் பண்றாங்க, அவங்க வேலையைச் சுமக்கத் தான் மனுஷன் உண்டாக்கப்படுறான், களிமண்ணையும் கொல்லப்பட்ட ஒரு தேவனோட மாம்சத்தையும் ரத்தத்தையும் குழைச்சு. அப்புறம் மனுஷங்க பெருகிப் பெருகி சத்தம் அதிகமாகுது, என்லில்ங்கிற பெரிய தேவனுக்குத் தூக்கம் வரல. கொள்ளைநோய் அனுப்புறான், பஞ்சம் அனுப்புறான், சத்தம் அடங்கல, கடைசியில வெள்ளம். வெள்ளம் வந்ததும் பலி செலுத்த ஆள் இல்லாம தேவர்களுக்கே பசி, அதனால தான் பலி வாசனை வந்ததும் ஈ மாதிரி மொய்க்கிறாங்க. முடிவுல என்ன ஏற்பாடு தெரியுமா, இனிமே மனுஷங்க இவ்வளவு பெருகக் கூடாதுன்னு மலடிகளை வைக்கிறாங்க, தாய் மடியில இருந்து குழந்தையைப் பறிக்கிற ஒரு பேயை வைக்கிறாங்க.

இதை வாசிச்சு முடிச்ச கையோட ஆதியாகமம் 9:1-ஐத் திறந்தேன். "நீங்கள் பலுகிப் பெருகி, பூமியை நிரப்புங்கள்." இந்த வசனத்தை எத்தனை நூறு தடவை வாசிச்சிருப்பேன், அது ஒரு பதில்ங்கிறது எனக்குத் தெரிஞ்சதே இல்ல. அந்தக் காலத்துல ஒரு தாய் குழந்தையை இழந்தா அவளுக்கு அக்கம்பக்கத்துல கிடைச்ச விளக்கம் தேவர்களுக்கு உங்க கூட்டம் அதிகமாப் போச்சுங்கிறது. அதே வெள்ளம், அதே கப்பல், அதே பறவைங்க, ஆனா வெள்ளத்துக்குக் காரணம் சத்தம் இல்ல, பூமி கொடுமையினால நிறைஞ்சிருந்தது. முடிவு பெருகாதீங்க இல்ல, பெருகுங்க. ஒத்துமையைப் பார்த்து பயந்தவன் முழுசா படிச்சதுக்கு அப்புறம் தான் வித்தியாசம் எங்க இருக்குன்னு பார்த்தேன். பாதி படிச்சா பயம் வரும், இல்லைன்னா பாதி படிச்சுட்டு ஜெயிச்சிட்டோம்னு கத்துறது வரும், ரெண்டுமே பாதி தான்.

ஆதியாகமம் 1-உம் இதே மாதிரி தான். பாபிலோன்ல எனூமா எலிஷ்னு ஏழு பலகையில ஒரு படைப்புப் பாட்டு, மர்தூக் தேவன் தியாமத்ங்கிற கடல் ராட்சசியைக் கொன்னு, காயவைக்கிற மீனைப் பிளக்கிற மாதிரி ரெண்டாப் பிளந்து ஒரு பாதியில வானத்தை உண்டாக்குறான். எபிரெயத்துல "ஆழத்தின்மேல் இருள் இருந்தது"ன்னு வர்ற இடத்துல ஆழத்துக்கு தெகோம்னு ஒரு சொல், அதுவும் தியாமத்தும் ஒரே வேர்ச்சொல் குடும்பம். ஆனா அங்க சண்டையே இல்ல, தண்ணி எதிர்த்துப் பேசல. நாலாம் நாள்ல சூரியன் சந்திரன்னு பேர் கூட வரல, பெரிய சுடர், சிறிய சுடர், அவ்வளவு தான். அந்த மொழிகள்ல சூரியன் சந்திரன்ங்கிற பேருங்க தேவர்களோட பேராவும் இருந்தது. அந்தப் பேரே வாயில வராம எழுதியிருக்காங்க, விளக்கு மாதிரி.

நியாயப்பிரமாணம் பக்கம் வந்தா பாபிலோன் ராஜா ஹம்முராபியோட சட்டம். பல பேர் இதைப் பள்ளிக்கூடத்துல கண்ணுக்குக் கண்னு ஒரே வரியில படிச்சிருப்பாங்க. 1901 கடைசியிலும் 1902 தொடக்கத்திலும் சூசாவுல (எஸ்தர் புஸ்தகத்துல வர்ற சூசான் தான்) துண்டு துண்டா கிடைச்ச கருங்கல் தூண், இரண்டே கால் மீட்டர் உயரம், 282 சட்டம்னு எண்ணுவாங்க, இப்ப பாரிஸ் லூவர் மியூசியத்துல இருக்கு. மோசேக்கு பல நூறு வருஷம் முன்னாடி. அதுல முட்டுற மாட்டுக்கு சட்டம் இருக்கு, யாத்திராகமம் 21-லயும் முட்டுற மாட்டுக்கு சட்டம் இருக்கு, வரிசை கூட ஏறக்குறைய ஒண்ணு தான். மாடு முட்டும்னு தெரிஞ்சும் சொந்தக்காரன் கட்டிவைக்கல, ஒருத்தர் செத்துட்டார்னா? ஹம்முராபியில அரை மினா (சுமார் கால் கிலோ) வெள்ளி அபராதம், முடிஞ்சது. யாத்திராகமத்துல மாட்டைக் கல்லெறியணும், மாம்சத்தைத் தின்னக் கூடாது, சொந்தக்காரனும் கொலையுண்ணணும், மீட்கும்பொருள் குடுத்தா மட்டும் தப்பலாம். மாடு செத்தா நஷ்டம், மனுஷன் செத்தா நஷ்டம் இல்ல, ரத்தப்பழி. அடிமைன்னா அங்க மினாவுல மூணுல ஒரு பங்கு வெள்ளி, இங்க முப்பது வெள்ளிச்சேக்கல்னு ரெண்டு பக்கமும் தனி விலை இருக்கு, அதை மறைச்சுட்டு நம்ம சட்டம் தான் ஒசத்தின்னு நான் பேச மாட்டேன்.

ஆனா 31-ம் வசனத்தைக் கவனிங்க. மாடு மகனை முட்டினாலும் மகளை முட்டினாலும் இந்த நீதியின்படியே செய்யணும்னு இருக்கு. எதுக்கு இப்படி தனியா சொல்லணும்னு நான் யோசிச்சதுண்டு, ஆள் யாரா இருந்தாலும் அதே சட்டம் தானே. ஹம்முராபியோட 230-வது சட்டத்தைப் படிங்க: ஒரு கொத்தனார் வீட்டைச் சரியா கட்டாம அது இடிஞ்சு வீட்டுக்காரனோட மகன் செத்தா, கொத்தனாரோட மகனைக் கொல்லணும். அப்பன் பண்ண தப்புக்கு பிள்ளையோட உயிர். அந்த வழக்கம் சுத்தி இருந்த உலகத்துல தான் யாத்திராகமம் மகனா இருந்தாலும் மகளா இருந்தாலும் தப்பு பண்ணவன் தான் பதில் சொல்லணும்னு ஒரு வரியை நிறுத்தி எழுதுது, உபாகமம் 24:16 அதையே பொதுவான சட்டமா சொல்லுது. அந்தக் கொத்தனாரோட மகனை நினைச்சுப் பாருங்க, அந்த 31-ம் வசனம் எவ்வளவு பெரிய வசனம்னு தெரியும்.

உபாகமம் பத்தி சுருக்கமா சொல்லிட்டுப் போறேன், அது தனியா ஒரு பதிவே எழுதணும். ஏத்தியரோட தலைநகரம் ஹத்தூசாவுல 1906-ல இருந்து தோண்டி எடுத்த பலகைங்கள்ல பெரிய ராஜா சின்ன ராஜாக்களோட போட்ட உடன்படிக்கைகள் நிறைய இருக்கு. நான் இன்னார், உனக்கு முன்னாடி என்னென்ன நன்மை செஞ்சேன், நீ என்ன செய்யணும், இதை எங்க வைக்கணும், எப்பெப்ப வாசிக்கணும், யார் சாட்சி, கைக்கொண்டா ஆசீர்வாதம், மீறினா சாபம். உபாகமத்தை இந்த வரிசையை மனசுல வச்சு ஒரே மூச்சுல வாசிச்சுப் பாருங்க. சாபங்களுக்கு அசீரியாவோட எசரத்தோன் ராஜா கி.மு. 672-ல எழுதி வாங்கின சத்தியப்பிரமாணம் ரொம்பக் கிட்ட வரும், வானம் வெண்கலமும் பூமி இரும்புமாங்கிற உபாகமம் 28:23 உட்பட. இதை வச்சு உபாகமம் எந்தக் காலத்துல எழுதினதுன்னு அறிஞர்களுக்குள்ள பெரிய வாக்குவாதம், ஏத்தியர் பக்கம் ஒரு கூட்டம், அசீரியர் பக்கம் ஒரு கூட்டம். எனக்கு முக்கியமா படுறது வேற, ஒரு ஜனம் தன் தேவனோட இருக்கிற உறவை அரசியல் உடன்படிக்கையோட பாஷையில எழுதியிருக்கு. கர்த்தரை நேசின்னு சொல்றப்போ அந்த நேசத்துல விசுவாசமா இருப்பேங்கிற சத்தியம் சேர்ந்தே இருக்கு.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம், உகாரித். 1928-ல சிரியா கடற்கரையில ஒரு விவசாயி உழும்போது கலப்பை ஒரு கல்லுல தட்டுச்சு, கீழ கல்லறை. அடுத்த வருஷம் பக்கத்துல ராஸ் ஷாம்ரா மேட்டைத் தோண்ட ஆரம்பிச்சாங்க, கி.மு. 1185 வாக்குல அழிஞ்சு போன ஒரு பட்டணமே வந்தது, 30 எழுத்துல ஆப்பெழுத்து அரிச்சுவடியோட. அதுவரைக்கும் பாகாலைப் பத்தி நமக்குத் தெரிஞ்சது பெரும்பாலும் அவனுக்கு எதிரா வேதம் சொன்னது தான், இப்ப பாகாலைக் கும்பிட்டவங்க பாடின பாட்டே கையில கிடைச்சிருச்சு. பாகால் மேகங்கள்மேல் ஏறி வர்றவன், மழை அவன் கையில, இடிமுழக்கம் அவன் சத்தம். தானேல்ங்கிற ராஜாவோட கதையில ஒரு சாபம் வருது: ஏழு வருஷம் பாகால் தவறிப்போகட்டும், எட்டு வருஷம், பனியும் இல்ல, மழையும் இல்ல, பாகாலோட சத்தத்தின் இனிமையும் இல்ல.

1 இராஜாக்கள் 17:1-ல எலியா ஆகாப் முன்னாடி நின்னு சொல்ற வார்த்தையை இதோட வச்சுப் பாருங்க, என் வாக்கின்படியே அன்றி இந்த வருஷங்களில் பனியும் மழையும் பெய்யாது. ஆகாபோட மனைவி யேசபேலோட அப்பன் சீதோனியரோட ராஜா, பேரே ஏத்பாகால். அந்தப் பஞ்சத்துல எலியாவை தேவன் எங்க அனுப்பிப் போஷிச்சார்? சீதோனுக்கடுத்த சாறிபாத்துக்கு. பாகாலோட சொந்த மண்ணுல, பாகால் காப்பாத்த வேண்டிய ஒரு விதவை வீட்டுல, மாவும் எண்ணெயும் குறையல. அப்புறம் கர்மேல் மலையில பாகாலோட தீர்க்கதரிசிகள் காலையில இருந்து மத்தியானம் வரைக்கும் கத்துறாங்க, "ஒரு சத்தமும் பிறக்கவில்லை". சத்தம்! இடிமுழக்கத்தோட தேவன், அவனுக்கு சத்தம் இல்ல. இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, 17, 18 அதிகாரங்களை திரும்பத் திரும்ப வாசிச்சேன்.

அதே பாகால் பாட்டுல மோத்னு ஒருத்தன் வருவான், பேருக்கு அர்த்தமே மரணம். ஒரு உதடு பூமியில, ஒரு உதடு வானத்துல, நாக்கு நட்சத்திரத்தைத் தொடும், பாகால் அவன் வாய்க்குள்ள இறங்கிடுறான். மரணம்னா விழுங்குற வாய், அந்த நாட்டுல எல்லாருக்கும் அப்படித் தான் தெரியும். ஏசாயா 25:8 என்ன சொல்லுது, அவர் மரணத்தை ஜெயமாக விழுங்குவார். விழுங்குறவனை விழுங்குறது. பவுல் 1 கொரிந்தியர் 15-ல அதை எடுத்து உயிர்த்தெழுதலுக்குப் போடுறார். கல்லறைப் பக்கத்துல நின்னு இந்த வசனத்தைக் கேட்டிருக்கேன், அப்ப இது தெரிஞ்சிருந்தா எவ்வளவு ஆறுதலா இருந்திருக்கும்.

நீதிமொழிகளுக்கு எகிப்து. அமெனெமோபேங்கிறவரோட போதனை, 30 அதிகாரம், 1923-ல அச்சுல வந்தது, அடுத்த வருஷமே எர்மன்ங்கிற ஜெர்மன் அறிஞர் நீதிமொழிகள் 22:17-ல இருந்து வர்ற பகுதியோட ஒத்துப்போறதைச் சொல்லிட்டார். ஏழையைக் கொள்ளையிடாதே, கோபக்காரனோட சேராதே, எல்லைக்கல்லை நகர்த்தாதே. செல்வம் சிறகு முளைச்சு பறந்து போகும்னு நீதிமொழிகள் 23:5-ல கழுகு, எகிப்துல வாத்து. அடுத்த நாட்டு ஞானியோட நல்ல வார்த்தையை எடுத்து கர்த்தர் ஏழைகளோட வழக்கை நடத்துவார்ங்கிற காரணத்தோட சேர்த்து வச்சிருக்காங்க, எனக்கு இதுல எந்த சங்கடமும் இல்ல, சந்தோஷம் தான்.

ராஜாக்களோட கல்வெட்டுங்க தான் பெரும்பாலும் பிரசங்கத்துல வரும், "வேதம் உண்மைன்னு நிரூபிச்சிடுச்சு"ன்னு. சனகெரிப்போட களிமண் பட்டகம்: கி.மு. 701-ல யூதாவுல 46 பலத்த பட்டணங்களைப் பிடிச்சேன், எசேக்கியாவை எருசலேம்ல கூண்டுப் பறவை மாதிரி அடைச்சேன், 30 தாலந்து பொன் வாங்கினேன். 2 இராஜாக்கள் 18:14-லயும் 30 தாலந்து பொன் தான், வெள்ளி மட்டும் இங்க 300, அங்க 800. எருசலேமைப் பிடிச்சேன்னு அவன் சொல்லவே இல்ல, நினிவே அரமனைச் சுவர்ல அவன் பெருசா செதுக்கி வச்சது லாகீஸ் முற்றுகையை. இது வரைக்கும் சந்தோஷமா சொல்லுவோம். ஆனா 1868-ல யோர்தானுக்குக் கிழக்கே தீபான்ல கிடைச்ச மோவாப் ராஜா மேசாவோட கல்லையும் அதே நேர்மையோட படிக்கணும். மோவாபியரோட தேவன் கேமோஷ் தன் தேசத்து மேல கோபமா இருந்ததால இஸ்ரவேலோட ராஜா உம்ரி மோவாபை ரொம்ப நாள் ஒடுக்கினான், பிறகு கேமோஷ் எனக்கு ஜெயம் குடுத்தான், ஒரு பட்டணத்தையே சங்காரத்துக்குன்னு நேர்ந்து அழிச்சேன். நியாயாதிபதிகள் புஸ்தகத்தோட பாஷை, அப்படியே, எதிரி வாயில. இதை வாசிச்சுட்டு சும்மா தாண்டிப் போக முடியாது. யோசுவா புஸ்தகத்தைப் பத்தி எனக்கு இன்னும் முடியாத கேள்விங்க இந்தக் கல்லுல இருந்து தான் ஆரம்பிச்சது.

கோரேசு ராஜாவோட உருளையும் அப்படித் தான், 1879-ல பாபிலோன்ல கிடைச்சது. யூதரைத் திரும்ப அனுப்பினான்னு அதுல எழுதியிருக்குன்னு பல பேர் சொல்லிக் கேட்டிருக்கேன். அதுல யூதான்னோ எருசலேம்னோ ஒரு வார்த்தை கிடையாது. சிறைப்பட்ட தேவர்களை அந்தந்த ஊருக்கு அனுப்பினேன், ஜனங்களையும் திருப்பினேன்னு சொல்றான், எஸ்றா 1-க்கு அது பொருந்துற சூழ்நிலை. அவ்வளவு தான் சொல்லணும். அதே உருளையில மர்தூக் தான் தன்னைக் கைப்பிடிச்சுக் கூப்பிட்டதா சொல்றான், ஏசாயா 45:1-ல கர்த்தர் அவன் வலதுகையைப் பிடிச்சேன்னு சொல்றார். நிரூபணத்தைத் தேடுற அவசரத்துல இதை விட்டுட்டா எவ்வளவு நஷ்டம்.

புதிய ஏற்பாட்டுப் பக்கம் மக்கபேயர் புஸ்தகம் படிக்காம வர்றது, நடுவுல பத்து பக்கம் கிழிஞ்ச கதையைப் படிக்கிற மாதிரி. திருவிவிலியத்துல இணைத்திருமறை நூல்கள்ல இருக்கு, பைபிள் சொசைட்டியோட பழைய மொழிபெயர்ப்பு மட்டும் கையில இருக்கிறவங்க தேடி எடுக்கணும். யோவான் 10:22-ல மாரிகாலத்துல ஒரு தேவாலயப் பிரதிஷ்டைபண்டிகை வருதே, அது பழைய ஏற்பாட்டுல எங்கயும் கிடையாது. சிரியாவை ஆண்ட கிரேக்க ராஜா அந்தியோகஸ் தீட்டுப்படுத்தின தேவாலயத்தை யூதா மக்கபேயு கி.மு. 164-ல சுத்திகரிச்சதுக்கான பண்டிகை. எபிரெயர் 11:35-ல விடுதலை வேண்டாம்னு வாதிக்கப்பட்டவங்க யாருன்னு கேட்டா 2 மக்கபேயர் 7-ல ஒரு தாயும் ஏழு பிள்ளைகளும்.

அப்புறம் சவக்கடல் சுருள்கள், 1947-ல இருந்து கும்ரான்ல 11 குகையில கிடைச்சது. ஒரு சின்ன துண்டைப் பத்தி மட்டும் சொல்றேன். நாலாம் குகை, 521-வது சுருள். வானமும் பூமியும் அவருடைய மேசியாவுக்குச் செவிகொடுக்கும்னு ஆரம்பிச்சு, குருடரைப் பார்வையடையச் செய்வார், காயப்பட்டவங்களைக் குணமாக்குவார், மரித்தோரை உயிர்ப்பிப்பார், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிப்பார்னு போகுது. இயேசு காவல்ல இருந்த யோவான்ஸ்நானனுக்குச் சொல்லி அனுப்பின பதில் (மத்தேயு 11:5) ஏசாயா 35, 61 வார்த்தைங்கன்னு நமக்குத் தெரியும், ஆனா அந்த ரெண்டு அதிகாரத்துலயும் மரித்தோர் எழுந்திருக்கிறது இல்ல. இந்தத் துண்டுல இருக்கு, அதுவும் ஏழைகளுக்கு நற்செய்திக்கு நேர் முன்னாடி, அதே வரிசையில. இயேசு இந்தச் சுருளைப் படிச்சார்னு நான் சொல்லல. அந்தத் தலைமுறையில இந்த அடையாளங்களை எதிர்பார்த்துக்கிட்டு இருந்தவங்க இருந்தாங்க, அந்தச் சிறையில இருந்தவருக்கு பதில் புரிஞ்சிருக்கும்.

மிஷ்னாவை (யூத ரபிமார்களோட சட்டத்தொகுப்பு) படிக்கும்போது மட்டும் காலத்தைக் கவனிக்கணும். அது கி.பி. 200 வாக்குல தொகுத்தது, தேவாலயம் 70-ல இடிஞ்சு போச்சு, நடுவுல 130 வருஷம். அதுல சொல்ற எல்லாமே இயேசு காலத்துல அப்படியே நடந்ததுன்னு எடுத்துக்க முடியாது. ஆனா கூடாரப்பண்டிகை பத்தின பகுதியைப் படிச்சுட்டு யோவான் 7, 8, 9 வாசிங்க. சீலோவாம் குளத்துல இருந்து பொன் ஜாடியில தண்ணி எடுத்து வந்து பலிபீடத்துல ஊத்துறாங்க, ராத்திரியில ஸ்திரீகளோட பிராகாரத்துல பெரிய பொன் விளக்குத்தண்டுங்க, ஆசாரியர்களோட கிழிஞ்ச உடுப்பைத் திரிச்சு திரி, எருசலேம்ல அந்த வெளிச்சம் படாத முற்றமே இல்லைன்னு எழுதியிருக்கு. அந்தப் பண்டிகையோட கடைசி நாள்ல ஒருத்தர் எழுந்து நின்னு தாகமா இருக்கிறவன் என்னிடத்தில் வான்னு சத்தமா சொல்றார், பிறகு அதே தேவாலயத்துல நான் உலகத்துக்கு ஒளின்னு சொல்றார், அடுத்து ஒரு குருடனைக் கழுவச் சொல்லி அனுப்புறது சீலோவாம் குளத்துக்கு.

இப்படி ஒண்ணோட ஒண்ணு பொருந்தப் பொருந்த ஒரு ஆபத்தும் வரும், எதைப் பார்த்தாலும் பொருத்தம் தெரிய ஆரம்பிக்கும். சாண்ட்மெல்ங்கிற யூத அறிஞர் 1961-லயே இதை ஒரு வியாதின்னு பேர் வச்சு எச்சரிச்சார். ஈராக்குல நூசிங்கிற பழைய ஊர்ல கிடைச்ச பலகைங்க விஷயத்துல அது நடந்தது, ஆபிரகாம் காலத்து வழக்கங்கள் எல்லாம் அதுல இருக்குன்னு ஒரு தலைமுறை எழுதித் தள்ளுச்சு, அடுத்த தலைமுறை அந்தப் பலகைங்களை ஒழுங்கா வாசிச்சு அதுல பலதைத் திரும்ப வாங்கிக்கிச்சு. இன்னொண்ணு, யாசேரின் புஸ்தகம் கிடைச்சிருச்சுன்னு வீடியோவும் பிடிஎஃப்பும் சுத்துது, தயவுசெஞ்சு நம்பாதீங்க. ஒண்ணு 1625-ல வெனிஸ்ல அச்சான பிற்கால யூதக் கதைத்தொகுப்பு, இன்னொண்ணு 1751-ல இங்கிலாந்துல ஒருத்தர் பொய்யா எழுதினது. யோசுவா சொன்ன புஸ்தகம் இதுவரைக்கும் கிடைக்கல.

எங்க ஆரம்பிக்கலாம்னு கேக்கிறவங்களுக்கு, ஜோசிபஸ்ல ஏரோது குடும்பத்தோட பகுதியில ஆரம்பிங்க, பழைய விஸ்டன் மொழிபெயர்ப்பு இலவசமாவே கிடைக்கும், இங்கிலீஷ் கொஞ்சம் கடினம். அப்போஸ்தலர் 12-ல ஏரோது (மகா ஏரோதோட பேரன்) புழுப்புழுத்து இறந்ததையும் அவர் தன் பாணியில எழுதியிருக்கார், வெள்ளி உடுப்பு காலை வெயில்ல மின்னினது வரைக்கும். அப்புறம் 1 மக்கபேயர். அப்புறம் அத்ராஹசிஸ், முழுசா. விளக்க உரையில வர்ற ரெண்டு வரி மேற்கோளை மட்டும் படிச்சு நிறுத்தாதீங்க, ஏடு யாரோடது, எந்தக் காலம், எந்த ஊர், இதை மூணையும் நோட்டுல எழுதிட்டு முழுசா படிங்க, பிறகு வேதப்பகுதியை மொத்தமா படிங்க.

நான் இப்ப படிச்சுக்கிட்டு இருக்கிறது பாபிலோன்ல நேபுகாத்நேச்சாரோட அரமனையில கிடைச்ச பங்கீட்டுப் பலகைங்க, 1939-ல வைட்னர்ங்கிறவர் வெளியிட்டது. யார் யாருக்கு எவ்வளவு எண்ணெய்னு வெறும் கணக்கு. அஸ்கலோன் ஆட்கள், தீரு ஆட்கள், எகிப்தியர்னு வரிசையா போகும்போது நடுவுல யூதாவின் ராஜா யோயாக்கீன். 2 இராஜாக்கள் கடைசி நாலு வசனத்துல சிறையில இருந்து விடுதலையாகி ராஜாவோட பந்தியில சாப்பிட்டானே, அவன் தான், ஆனா இந்தக் கணக்கு அதுக்கு சுமார் 30 வருஷம் முன்னாடி, கி.மு. 592 வாக்குல. அடுத்த வரி, யூதா ராஜாவின் குமாரர் ஐந்து பேருக்கு இரண்டரை சீலா எண்ணெய். ஆளுக்கு அரை சீலா, அரை லிட்டருக்கும் குறைச்சலா இருக்கும். எரேமியா 22:30-ல இந்தப் புருஷனைச் சந்தானமற்றவன்னு எழுதுங்கன்னு சொல்லியிருந்தது, அவன் சந்ததியில ஒருத்தனும் தாவீதோட சிங்காசனத்துல உக்கார மாட்டான்னு. மத்தேயு 1:12-ல எகொனியா சலாத்தியேலைப் பெற்றான்னு வம்சம் போகுது, எகொனியா இவன் தான். அந்த ஐந்து பேர்ல சலாத்தியேல் ஒருத்தனா இருந்தானா, கையில ஒரு சின்ன ஜாடியோட அந்த வரிசையில நின்னானான்னு யோசிச்சுக்கிட்டே அந்த வரியை திரும்பத் திரும்ப வாசிச்சுக்கிட்டு இருக்கேன்.